இன்றைக்கே புக்கிங் போடச் சொல்லும் ஏஜண்டிடம் வீட்டு விலை பேசுவது எப்படி

பெரும்பாலும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத்தான் வீடு காட்டுவார்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும், ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கும், செம்பனை ஆலையின் வாடை அந்நேரம் இந்தப் பக்கம் எட்டாது. அடுப்படியைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வருவதற்குள் ஏஜண்டின் கைப்பேசி அடிக்கும். பேசி முடித்து வந்தவர், "அண்ணே, ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம் மூணு மணிக்குப் பார்க்க வருது. பிடிச்சிருந்தா இப்பவே புக்கிங் போட்டுடுங்க" என்பார்.

அந்த ஈப்போ குடும்பம் நிஜமாகவே வரலாம், வராமலும் போகலாம். அதைக் கண்டுபிடிக்கும் வேலை நமக்கு வேண்டாம். யார் வந்தாலும் வராவிட்டாலும் நாம் சொல்லும் விலையும் நிபந்தனையும் மாறக்கூடாது. அதற்கு, வீட்டைப் பார்க்கப் போகுமுன்பே கணக்கு முடிந்திருக்க வேண்டும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. ஏஜண்ட் முன்பின் தெரியாத ஆள் இல்லை. மாமாவோடு ஒரே லயத்தில் வளர்ந்தவராக இருப்பார், கோயில் திருவிழாவில் பக்கத்தில் நின்று அன்னதானம் பரிமாறியிருப்பார். முகத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது. பேச்சை வாட்ஸ்அப்பில் எழுத்துக்கு மாற்றச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். எழுத்தில் உறவும் குறுக்கே வராது, வாக்கும் மாறாது.

ஏஜண்டின் கணக்கு

மலேசியாவில் ஏஜண்டுக்குக் கமிஷன் கொடுப்பவர் வீட்டை விற்பவர். சட்டப்படி அதிகபட்சம் விலையில் 3%. ஆகவே அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் வேலை செய்வது ஓனருக்காகத்தான். "உங்க பட்ஜெட் எவ்வளவு வரைக்கும் அண்ணே?" என்று கேட்டால், உங்கள் உச்ச விலையைச் சொல்லாதீர்கள். சொன்ன எண் அன்று மாலையே ஓனர் காதுக்குப் போய்விடும்.

இதில் நமக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. 240,000 ரிங்கிட்டுக்கு வீடு போனால் மொத்தக் கமிஷன் 7,200. அதே வீடு 230,000-க்குப் போனால் 6,900. உங்களுக்குப் பத்தாயிரம் மிச்சமாகும் இடத்தில் அவருடைய தரப்புக்குக் குறைவது வெறும் 300 ரிங்கிட், அதையும் கம்பெனியும் அவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் வியாபாரமே படியாமல் இன்னும் மூன்று மாதம் இழுத்தால், அத்தனை நாளும் பெட்ரோலும் அலைச்சலும் அவர் கணக்கில்தான். அவருக்குக் காசு வருவது சீக்கிரம் முடிப்பதில். அதனால்தான் நம்மை நெருக்குகிறார். அதே காரணத்துக்காக, தயாராக நிற்கும் ஒரு வாங்குபவர் கிடைத்தால் "இறங்கி வாங்க" என்று ஓனரையும் நெருக்குவார். நாம் வேகத்தைக் கொடுத்து விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டும். வேகத்தையும் கொடுத்து விலையையும் கொடுப்பவர்கள்தான் ஏமாந்து போகிறவர்கள்.

போகுமுன் முடிக்க வேண்டியவை

மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ் எனப்படும் கடன் வரலாற்று அறிக்கையை இணையத்திலேயே இலவசமாக எடுக்கலாம். கடந்த 12 மாதக் கடன் தவணைகள் ஒழுங்காகக் கட்டப்பட்டனவா என்று பேங்க் முதலில் பார்ப்பது இதைத்தான். பி.டி.பி.டி.என் கல்விக் கடனும் இதில் தெரியும். மோட்டார் லோன் இரண்டு மாதம் பாக்கி என்றால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வீடு தேடுங்கள். லாரி ஓட்டுநர், சொந்தத் தொழில், நிரந்தரச் சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் என்றால், எஸ்.ஜே.கே.பி எனப்படும் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டத்தைப் பற்றிப் பேங்கில் நேரடியாகக் கேளுங்கள்.

பிறகு கைப்பணம். 240,000 ரிங்கிட் வீட்டுக்கு 90% லோன், அதாவது 216,000 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 10%, 24,000. உரிமை மாற்ற முத்திரை வரி முதல் லட்சத்துக்கு 1%, அடுத்த 140,000-க்கு 2%, ஆக 3,800. லோன் பத்திரத்துக்கு முத்திரை வரி 0.5%, அது 1,080. லாயர் கட்டணம் விற்பனை ஒப்பந்தத்துக்கு 1.25%, 3,000, லோன் பத்திரத்துக்கு அதே விகிதத்தில் 2,700, இரண்டுக்கும் 8% சேவை வரி 456. இதுவரைக்கும் 35,036. மதிப்பீட்டுக் கட்டணம், நில அலுவலகப் பதிவு, சில்லறைச் செலவுகளைச் சேர்த்தால் 37,000 வரை போகும். முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு 500,000 ரிங்கிட் வரையிலான வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு உண்டு. அது உங்களுக்குப் பொருந்தும் என்று லாயர் உறுதி சொன்ன பிறகு மட்டும் அந்த 4,880-ஐக் கழியுங்கள்.

"இ.பி.எஃப்-பில் எடுத்துக்கலாம் அண்ணே" என்று ஏஜண்ட் லேசாகச் சொல்லுவார். எடுக்கலாம்தான். ஆனால் கையெழுத்தான விற்பனை ஒப்பந்தத்தையும் லோன் அனுமதிக் கடிதத்தையும் காட்டிய பிறகுதான் இ.பி.எஃப் எனப்படும் ஊழியர் சேமநிதி பணம் கொடுக்கும். 10% அதற்கு முன்பே உங்கள் கையிலிருந்து போயாக வேண்டும். இந்த வரிசை தெரியாமல் புக்கிங் போட்டுவிட்டு மீட்டர் வட்டிக்காரரிடம் ஓடியவர்கள் உண்டு.

ஆள் யார்

கழுத்தில் தொங்கும் சிவப்பு அட்டையைப் பாருங்கள். படம், பெயர், ஆர்.இ.என் எனப்படும் ஏஜண்ட் பதிவு எண், கியூ.ஆர் குறியீடு இருக்க வேண்டும். குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள், அல்லது ஏஜண்டுகளைக் கண்காணிக்கும் எல்.பி.இ.பி.எச் வாரியத்தின் இணையத்தளத்தில் எண்ணைத் தட்டிப் பாருங்கள். பெயர், கம்பெனி, படம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அட்டை இல்லாமல் காப்பிக்கடையில் உட்கார்ந்து வீடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் எந்த ஊரிலும் இருக்கிறார். 1981-ஆம் ஆண்டின் 242-ஆம் எண் சட்டப்படி அது குற்றம். 300,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. அவர் கையில் கொடுத்த பணம் தொலைந்தால் வாரியமும் உதவ முடியாது.

ஒரே வீட்டை மூன்று ஏஜண்டுகள் மூன்று விலையில் விளம்பரம் செய்வதும் சகஜம். வாசல் கிரில்லையும் தரை ஓட்டையும் வைத்துப் படங்களை ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும். போய்ப் பார்ப்பதற்கு முன்பே குறைந்த விலை சொன்னவரைப் பிடியுங்கள். ஒருவரோடு போய்ப் பார்த்து, பார்வையிட்டதற்கான பாரத்தில் (படிவத்தில்) கையெழுத்தும் போட்டபின் இன்னொருவர் வழியாக வாங்கினால், கமிஷன் யாருக்கு என்று சண்டை வரும், நடுவில் நாம் மாட்டிக்கொள்வோம்.

கெரானைப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்

கெரான் எனப்படும் நில உரிமைப் பத்திரத்தின் நகலையும் நில வரி ரசீதையும் ஏஜண்டிடம் கேளுங்கள். "ஓனர்கிட்ட இருக்கு, அப்புறம் தர்றேன்" என்றால், நாமும் விலையை அப்புறம் சொல்லலாம். கெரான் எண் கிடைத்தால் மாவட்ட நில அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பணம் கட்டித் தேடல் எடுக்கலாம். லாயரிடம் சொன்னாலும் எடுத்துத் தருவார்.

தேடல் தாளில் பெயர், நிலத்தின் வகை, சொந்த நிலமா குத்தகையா, சேக்காத்தான் எனப்படும் கட்டுப்பாடுகள், அடமானம், கேவியட் எனப்படும் தடைப் பதிவு ஆகியவற்றைப் பாருங்கள். பேராக்கில் 99 ஆண்டு குத்தகை நிலத்தில் எழுந்த தாமான்கள், அதாவது குடியிருப்புப் பேட்டைகள், நிறைய. மீதி ஆண்டு குறையக் குறைய பேங்க் லோன் தரத் தயங்கும். மாநில அரசின் அனுமதியின்றி விற்கக்கூடாது என்று எழுதியிருந்தால், அந்த அனுமதிக்கே பல மாதம் பிடிக்கலாம். மலாய்க்காரர் முதலிய பூமிபுத்ராக்களுக்கென ஒதுக்கிய லாட், மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்றிருந்தால் நம்மவர்களுக்கு அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. ஏஜண்ட் "பேசிப் பார்க்கலாம்" என்றாலும் பணம் கட்டாதீர்கள்.

பழைய தோட்டப் பகுதிகளில் கூடுதலாக இரண்டு சிக்கல்கள். ஒன்று, பத்திருபது பேர் பெயரில் ஒரே கெரானில் கிடக்கும் விவசாய நிலத்தில் கட்டிய வீடு. பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடல் காலத்திலிருந்து கைமாறி வந்த நிலங்களில் இது அதிகம். "இந்த லாட் நம்மளுது" என்று வேலியைக் காட்டுவார்கள். கெரானில் வேலி இருக்காது, பங்கு மட்டும்தான் இருக்கும், பேங்கும் வீட்டு லோன் தராது. இன்னொன்று, காலமான அப்பா பெயரிலேயே கிடக்கும் வீடு. பிள்ளைகளில் ஒருவர் வந்து புக்கிங் பணத்தை வாங்கிக்கொள்வார். வாரிசு நிர்வாக உத்தரவு கிடைக்கும்வரை அவருடைய கையெழுத்தை வைத்து வீட்டை மாற்ற முடியாது.

விலை சொல்லும் நாள்

ஓனர் கேட்பது 255,000 என்று வைத்துக்கொள்வோம். முதலில், அதே தாமானில் உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். மதிப்பீட்டுத் துறையின் கீழ் உள்ள நாப்பிக் மையம், பதிவான விற்பனைகளைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. விளம்பரத்தில் இருப்பது ஓனரின் ஆசை, நாப்பிக்கில் இருப்பது கைமாறிய பணம். ஒரே சாலையில் 232,000-க்கும் 240,000-க்கும் இரண்டு வீடுகள் போயிருந்தால், ஓரக்கடை வீடா நடு வீடா, அடுப்படி இழுத்துக் கட்டியதா என்பதையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

அடுத்து, இரண்டு பேங்க் லோன் அதிகாரிகளிடம் முகவரியைக் கொடுத்து வாய்மொழி மதிப்பு கேளுங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில், செலவில்லாமல் சொல்லிவிடுவார்கள். இதைத் தவிர்ப்பவர்கள் படும் பாடு சொல்லி மாளாது. 240,000-க்கு ஒப்புக்கொண்ட வீட்டுக்குப் பேங்க் 220,000-தான் மதிப்பு என்றால், லோன் அந்தக் குறைந்த எண்ணில் 90%, அதாவது 198,000. கைப்பணம் 24,000 என்று நினைத்திருந்தது 42,000 ஆகிவிடும். ஏஜண்ட் "மதிப்பு கண்டிப்பா வரும்" என்று சொன்னது எந்தத் தாளிலும் இருக்காது.

வீட்டை இரண்டாம் முறை, மழை பெய்த மறுநாள் மாலையில் போய்ப் பாருங்கள். கூரைச் சந்திப்பில் ஈரக்கறை, கதவு நிலையின் அடியில் கரையான் மண், ஒட்டுக் கட்டிய அடுப்படி பழைய சுவரிலிருந்து விலகும் வெடிப்பு. இந்த மூன்றும் காலை பதினொரு மணிக்குக் கண்ணில் படாது. விரல் நுழையும் வெடிப்பு என்றால் மண் இறங்குகிறது என்று அர்த்தம், விலை குறைத்தாலும் யோசியுங்கள். மற்றவற்றுக்கு ஒரு ரிப்பேர் காண்ட்ராக்டரிடம் எழுத்தில் விலை வாங்கி வையுங்கள். "வீடு பழசு, குறைச்சுக்குடுங்க" என்றால் யாரும் இறங்க மாட்டார்கள். கூரைக்கும் கரையானுக்கும் இவ்வளவு ஆகும் என்ற தாளைக் காட்டினால் பேச்சு நகரும்.

இனி உங்கள் உச்ச எண்ணை எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள். பேங்க் சொன்ன மதிப்புக்கு மேல் அது போகக்கூடாது. 238,000 என்று முடிவு செய்தால், 228,000-இல் தொடங்கலாம். ஏஜண்டுக்கு இப்படி அனுப்புங்கள்:

"தம்பி, வீடு பிடிச்சிருக்கு. 228,000-க்குக் கேக்கிறேன். லோன் ரெண்டு பேங்கில பேசியாச்சு, லாயரும் ரெடி. ஓனர் சரின்னா மூணு நாளில 2% செக், 14 வேலை நாளில ஒப்பந்தக் கையெழுத்து. கூரை ரிப்பேர் கொட்டேஷன் படம் அனுப்பியிருக்கேன். இந்த விலை வியாழக்கிழமை சாயங்காலம் 5 மணி வரைக்கும். ஓனர் என்ன சொன்னாருன்னு எழுதி அனுப்புங்க."

இதில் ஏஜண்டுக்கு வேண்டிய வேகம் முழுக்க இருக்கிறது, கெடு மட்டும் உங்களுடையது. போன் அடிப்பார். "அண்ணே, ஓனர் கோபப்படுவாரு, இந்த விலையை நான் கொண்டுபோகவே முடியாது." பதில் ஒன்றுதான்: "பரவாயில்லப்பா, கேட்டுட்டு எழுதிப் போடு." விளக்கம் சொல்லத் தொடங்கினால் பேரம் உங்களுக்கும் ஏஜண்டுக்கும் இடையே நடக்க ஆரம்பித்துவிடும், ஓனர் காதுக்குப் போகவே போகாது.

ஓனர் 250,000 என்று இறங்கினால் உடனே பதில் போடாதீர்கள், ஒரு ராத்திரி போகட்டும். பிறகு 234,000, அதற்குப் பிறகு 237,000, கடைசியாக 238,000. ஏற்றும் தொகை 6,000, 3,000, 1,000 என்று சுருங்கினால், பை காலியாகிறது என்பது சொல்லாமலே அவர்களுக்குப் புரியும். ஒவ்வொரு முறையும் ஐயாயிரம் ஏற்றினால் இன்னும் ஐயாயிரம் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "ஆளுக்குப் பாதி" என்று ஏஜண்ட் நடுவில் ஒரு எண் போடுவார். அந்த நடு எண் உங்கள் உச்சத்துக்கு மேல் என்றால் நடு என்ற பேச்சுக்கே இடமில்லை. 238,000-க்கு மேல் போனால் விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் விற்காமல் கிடந்த வீடென்றால் இரண்டு மூன்று வாரத்தில் அவரே கூப்பிடக்கூடும்.

புக்கிங் பாரம்

நெருக்கடி முழுக்க இந்த ஒரு தாளில்தான் வந்து நிற்கும். புக்கிங் பணம் வழக்கமாக 2% அல்லது 3%. ஏஜண்ட் 3% கேட்பதன் காரணத்தை மேலே போட்ட கணக்கிலேயே பார்க்கலாம்: 240,000-இல் 3% என்பது அதே 7,200, அவருடைய தரப்பின் முழுக் கமிஷன். ஒப்பந்தம் கையெழுத்தானதும் பல கம்பெனிகள் கமிஷனை இந்தப் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே 2% என்று பேசிப் பார்ப்பதில் தவறில்லை, எப்படியும் ஒப்பந்தத்தின்போது மீதியைக் கட்டி 10% ஆக்கப்போகிறோம்.

பணம் கம்பெனியின் வாடிக்கையாளர் கணக்குக்கு மட்டும். செக்கில் கம்பெனி பெயரை நீங்களே எழுதுங்கள். ஏஜண்டின் சொந்தக் கணக்குக்கோ இ-வாலட்டுக்கோ, "ஒரு ஐநூறு மட்டும் பிடிச்சு வெக்க" என்றாலும் வேண்டாம். விலை, தேதி, பெயர் நிரப்பாத பாரத்தில் கையெழுத்து போடாதீர்கள். "ஓனர் வெளியூர்ல இருக்காரு, வெறும் பாரத்துல போட்டுடுங்க, நான் நிரப்பிக்கிறேன்" என்பது அடிக்கடி கேட்கும் வசனம்.

கையெழுத்துக்கு முன் பாரத்தில் இவை இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் படியுங்கள். ஓனர் இத்தனை நாளுக்குள் ஏற்காவிட்டால் பணம் முழுதாகத் திரும்பும். மூன்று முதல் ஐந்து நாள் போதும். லோன் கிடைக்காவிட்டால், இரண்டு பேங்கின் மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் பணம் முழுதாகத் திரும்பும். பெரும்பாலான அச்சடித்த பாரங்களில் இந்த வரி இருக்காது, மனம் மாறினால் பணம் போகும் என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். லோன் வரியைப் பேனாவால் எழுதி இரு தரப்பும் அதன் பக்கத்தில் கையெழுத்து வையுங்கள். நில அலுவலகத் தேடலில் பாரத்தில் சொல்லாத கட்டுப்பாடு தெரிந்தாலும் பணம் திரும்ப வேண்டும். ஏர்கான், தண்ணீர் ஹீட்டர், கிரில், வாசல் தகரக் கூரை என்று விட்டுப்போகும் பொருட்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "உள்ளது உள்ளபடி" என்ற ஒரே சொல்லை நம்பிச் சாவியை வாங்கியவர்கள் சுவரில் நாலு ஓட்டையைத்தான் பார்த்தார்கள். வாடகைக்கு யாராவது இருந்தால், காலி செய்து கொடுக்க வேண்டிய தேதி. தண்ணீர், மின்சாரம், நகராண்மை வரிப் பாக்கி ஓனர் பொறுப்பு.

மீதிப் பணத்துக்கு வழக்கமான கெடு மூன்று மாதம், அதற்கு மேல் ஒரு மாதம் ஆண்டுக்கு 8% வட்டியோடு. 216,000-க்கு ஒரு மாதத் தாமதம் ஏறக்குறைய 1,420 ரிங்கிட். மாநில அனுமதி தேவைப்படும் குத்தகை நிலமென்றால், மூன்று மாதம் அந்த அனுமதி வந்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். கையெழுத்து நாளிலிருந்து என்று இருந்தால் அரசு அலுவலகத்தின் தாமதத்துக்கு நீங்கள் வட்டி கட்டுவீர்கள்.

அதற்குப் பிறகு வரும் தள்ளல்கள்

"நம்ம லாயர்கிட்டயே போட்டுடுங்க, சீக்கிரம் முடியும்" என்பார். அவர் ஓனரின் லாயராக இருந்துவிட்டுப் போகட்டும், உங்களுக்கென்று ஒருவர் தனியாக வேண்டும். கட்டண விகிதம் சட்டத்திலேயே உள்ளதால் இதில் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை.

"கைப்பணம் போடவே வேணாம், விலையை 270,000-ன்னு எழுதிக்கலாம், மிச்சம் கேஷ் பேக்" என்பது வேறு ரகம். பேங்கிடம் பொய் விலை காட்டிக் கடன் வாங்குவது மோசடி, ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டவர் நீங்கள். பிடிபடாவிட்டாலும், விலையை ஏற்றியதால் கூடிய கடனுக்கு முப்பத்தைந்து ஆண்டு வட்டி கட்டுவதும் நீங்கள். இதைச் சொல்லும் ஏஜண்டிடம் வேறு எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஓனர் மறுத்தோ லோன் கிடைக்காமலோ போய், புக்கிங் பணம் திரும்பாமல் இழுபட்டால் ஏஜண்டைத் துரத்தாதீர்கள். கம்பெனியின் பதிவு பெற்ற தலைமை ஏஜண்ட் பெயருக்கு, பாரத்தின் நகல், செக் எண் அல்லது பணம் அனுப்பிய ரசீது, பேங்க் மறுப்புக் கடிதங்கள், வாட்ஸ்அப் படங்கள் எல்லாவற்றையும் இணைத்து 14 நாள் கெடுவோடு கடிதம் எழுதுங்கள். கடிதத்திலேயே, கெடு தாண்டினால் இதே தாள்கள் எல்.பி.இ.பி.எச் வாரியத்துக்குப் போகும் என்று ஒரு வரி சேருங்கள். வாரியம் கேள்வி கேட்பது அந்தத் தலைமை ஏஜண்டைத்தான், பதில் சொல்லியாக வேண்டியவரும் அவர்தான்.